கொழுப்பு அமிலம் ஈரலுக்கு என்ன சொல்கிறது? உட்கரு ஏற்பிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் இருந்துகொண்டு கல்லூரி மாணவர்களுக்கு உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஃபார்மசியும் நர்சிங்கும் படிக்கும் பிள்ளைகள் ஒரு பக்கம் கேள்வி கேட்பார்கள். "ஃபேட்டி லிவர் கிரேடு 1" என்று எழுதிய ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வரும் அக்கம்பக்கத்தார் இன்னொரு பக்கம். ஒருவர் கேட்பது பரீட்சைக்கு, இன்னொருவர் கேட்பது உடம்புக்கு. ஆனால் சந்தேகம் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறது: ஈரலுக்குள் போகும் கொழுப்பு அங்கே என்ன செய்கிறது? எரியும் அல்லது தேங்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது செய்தியும் சொல்கிறது என்பதைப் புரியவைக்கத்தான் இந்தப் பக்கம். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே வைத்திருக்கிறேன்.

எண்ணெய், கொழுப்பு, கொழுப்பு அமிலம், ட்ரைகிளிசரைடு எல்லாம் ஒண்ணுதானே மேடம்?

ஒரே குடும்பம், ஆனால் ஒன்றல்ல. கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு நீள மூலக்கூறு. ஒரு முனையில் அமிலத் தலை, மீதியெல்லாம் தண்ணீரோடு சேராத வால். வாலில் இரட்டைப் பிணைப்பே இல்லாவிட்டால் அது நிறைவுற்றது. பாமாயிலில் நிறைய இருக்கும் பால்மிடிக் அமிலம் அப்படி, 16 கார்பன். ஒலியிக் அமிலத்தில் 18 கார்பன், ஒரு இரட்டைப் பிணைப்பு. லினோலியிக்கில் அதே 18 கார்பன், இரண்டு இரட்டைப் பிணைப்பு. மீன் எண்ணெயில் உள்ள டிஎச்ஏவில் 22 கார்பன், ஆறு இரட்டைப் பிணைப்பு.

இப்படி மூன்று அமிலங்கள் ஒரு கிளிசராலில் சேர்ந்தால் ட்ரைகிளிசரைடு. கடலை எண்ணெய், நெய், தொப்பை, ஸ்கேனில் ஈரலை வெளுப்பாகக் காட்டும் கொழுப்பு எல்லாமே பெரும்பாலும் அதுதான். அது சேமிப்பு. நாம் பேசப்போவது சேமிப்பிலிருந்து கழன்று தனியாக வரும் அமிலத்தைப் பற்றி.

ரிசெப்டர்னா செல்லோட மேல்சவ்வுல இருக்கறதுதானே? உட்கரு ஏற்பினு தனியா ஒண்ணு எதுக்கு?

ஏற்பி (ரிசெப்டர்) என்பது செய்தி கொண்டுவரும் மூலக்கூறைப் பிடித்து, செல்லுக்கு அதைத் தெரியப்படுத்தும் புரதம். இன்சுலின் மாதிரி தண்ணீரில் கரையும் பெரிய மூலக்கூறுகள் செல் சவ்வைத் தாண்ட முடியாது. அவற்றுக்கு ஏற்பி வெளியே இருந்தாக வேண்டும். தைராய்டு ஹார்மோன், ஈஸ்ட்ரோஜன், வைட்டமின் டி, கொழுப்பு அமிலம் போன்றவை உள்ளே வந்துவிடும். அவற்றின் ஏற்பிகளும் உள்ளேதான் இருக்கின்றன, பல சமயம் டிஎன்ஏ மேலேயே உட்கார்ந்திருக்கின்றன.

இவற்றைத்தான் உட்கரு ஏற்பிகள் என்கிறோம். மனிதனில் 48 உண்டு. ஒவ்வொன்றும் ஒரு புரதம். பெரும்பாலானவற்றில் ஒரு பகுதி டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும், இன்னொரு பகுதியில் மூலக்கூறு வந்து அமரும் குழி இருக்கும். கொழுப்பு அமிலங்களோடு முக்கியமாகச் சம்பந்தப்பட்டது பீபார் குடும்பம்: ஆல்ஃபா, டெல்டா, காமா. ஈரல் செல்லில் பெரிய கை ஆல்ஃபா. 1990-இல் இதன் மரபணுவைச் சுண்டெலியில் கண்டுபிடித்தவர்கள் இஸ்ஸமானும் கிரீனும். அப்போது இது சில மருந்துகளுக்கான ஏற்பி என்றுதான் தெரியும். கொழுப்பு அமிலமும் இதை இயக்கும் என்பது 1992-இல் தெரிந்தது. நேரடியாகவே போய் ஒட்டுகிறது என்று 1997-இல் நிரூபணமானது.

எரிபொருள் எப்படி மேடம் உத்தரவு போடும்? விறகு அடுப்புக்கு ஆர்டர் போடுமா?

நல்ல கேள்வி. நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். மழைக்குப் பிறகு பச்சைத் தேயிலை வரத்து ஏறினால் ஃபாக்டரியில் கூடுதல் ஷிப்ட் போடுகிறார்கள், வரத்து குறைந்தால் மெஷினை நிறுத்துகிறார்கள். எத்தனை மெஷின் ஓட வேண்டும் என்பதை வந்து இறங்கும் இலைதான் முடிவு செய்கிறது. ஈரலிலும் அப்படியே. கொழுப்பு அமிலத்தின் வரத்து ஏறினால், அதை எரிக்கத் தேவையான நொதிகளை இன்னும் அதிகமாகச் செய்யச் சொல்லி மரபணுவுக்குத் தகவல் போகிறது. தகவல் சொல்வது அந்த அமிலமேதான்.

சரி, அந்தக் குழிக்குள்ள போய் உட்கார்ந்ததும் நிஜமா என்ன நடக்குது? "ஆக்டிவேட் ஆகும்"னு மட்டும்தான் எங்க புக்குல போட்டிருக்கு.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அழகே இங்கேதான் இருக்கிறது. பீபார் ஆல்ஃபா 468 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். அதன் குழி மிகப் பெரியது, தைராய்டு ஏற்பியின் குழியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால்தான் ஒரே ஒரு மூலக்கூறுக்கென்று இல்லாமல் பால்மிடிக், ஒலியிக், லினோலியிக், மீன் எண்ணெயில் உள்ள இபிஏ என்று பல அமிலங்களுக்கு இடம் கொடுக்கிறது. பிடி அவ்வளவு இறுக்கமில்லை. தைராய்டு ஹார்மோன் அதன் ஏற்பியை மிகமிகக் குறைந்த செறிவிலேயே பிடித்துவிடும். கொழுப்பு அமிலத்துக்கு அதைவிடப் பல மடங்கு செறிவு தேவை. இது குறையல்ல. வரத்தை அளக்கும் ஏற்பி அப்படித்தான் இருக்க வேண்டும்.

அமிலம் உள்ளே நுழையும்போது வால் குழிக்குள் வளைந்து அடங்குகிறது. அமிலத் தலை மட்டும் குழியின் ஓரத்தில் இருக்கும் சில அமினோ அமிலங்களோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடுகிறது. அதில் ஒன்று 464-ஆம் இடத்து டைரோசின். இந்த டைரோசின் இருப்பது புரதத்தின் கடைசிச் சுருளில், அதாவது பன்னிரண்டாம் சுருளில். அமிலம் இல்லாதபோது அந்தச் சுருள் நிலையாக இல்லாமல் ஆடிக்கொண்டிருக்கும். அமிலத் தலை பிடித்ததும் குழியின் மேல் படிந்து நின்றுவிடும். அவ்வளவுதான் மாற்றம், ஒரு சிறு சுருளின் இடம்.

ஆனால் அந்தச் சுருள் நின்றதும் ஏற்பியின் வெளிப்பரப்பு மாறிவிடுகிறது. அதுவரை மரபணுவை அடக்கிவைத்திருந்த என்-கோர், ஸ்மர்ட் போன்ற புரதங்கள் விலகுகின்றன. எஸ்ஆர்சி-1, பிஜிசி-1 ஆல்ஃபா போன்ற துணைப் புரதங்கள் வந்து ஒட்டுகின்றன. அவை இறுகிக் கிடக்கும் டிஎன்ஏவைத் தளர்த்தி, ஆர்என்ஏ எடுக்கும் இயந்திரத்தை அழைத்து வருகின்றன. பீபார் இதைத் தனியாகச் செய்வதில்லை. ஆர்எக்ஸ்ஆர் என்ற இன்னொரு உட்கரு ஏற்பியோடு ஜோடி சேர்ந்துதான் டிஎன்ஏவைப் பிடிக்கும். ஏஜிஜிடிசிஏ என்ற ஆறெழுத்து வரிசை, நடுவில் ஓர் எழுத்து இடைவெளி விட்டு, இரண்டு முறை வரும் இடங்களைத் தேடிப் பிடிக்கும்.

கொழுப்பு தண்ணியில கரையாதே. செல்லுக்குள்ள எல்லாம் தண்ணிதானே, உட்கரு வரைக்கும் எப்படிப் போய்ச் சேரும்?

கூட்டிக்கொண்டு போக ஆள் இருக்கிறது. ஈரல் செல்லில் எஃப்ஏபிபி-1 என்ற சிறு புரதம் ஏராளம். அது கொழுப்பு அமிலத்தைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு உட்கருவுக்குள் போய், பீபார் ஆல்ஃபாவோடு நேரடியாக ஒட்டி, அமிலத்தைக் கொடுக்கிறது. இந்தச் சுமக்கும் புரதத்தின் மரபணுவையும் பீபார் ஆல்ஃபாவே தூண்டுகிறது. வரத்து ஏறினால் சுமப்பவர்களும் கூடுகிறார்கள்.

சஷ்டி விரதம் மாதிரி நாள் முழுக்கச் சாப்பிடாம இருந்தா ஈரல்ல என்ன ஆகும்?

இன்சுலின் இறங்குகிறது. உடம்பின் கொழுப்புத் திசுவில் இருந்து அமிலங்கள் அவிழ்ந்து ரத்தம் வழியாக ஈரலுக்கு வருகின்றன. பீபார் ஆல்ஃபா முழு வேகத்தில் இயங்குகிறது. அமிலத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பும் சிபிடி-1, பெராக்சிசோம் என்ற செல்லின் சிறு உள்ளுறுப்பில் எரிக்கும் ஏகாக்ஸ்-1, கொழுப்பு அமிலத்தில் இருந்து கீட்டோன் என்ற மாற்று எரிபொருளைத் தயாரிக்கும் எச்எம்ஜிசிஎஸ்-2, மற்ற உறுப்புகளுக்குத் தகவல் சொல்லும் எஃப்ஜிஎஃப்-21 என்ற ஹார்மோன், இவற்றின் மரபணுக்கள் எல்லாம் தூண்டப்படுகின்றன. நீண்ட பட்டினியிலும் நாம் தெளிவாக யோசிக்க முடிவதற்கு மூளைக்கு இந்தக் கீட்டோன் கிடைப்பதும் ஒரு காரணம்.

இந்த ஏற்பி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1999-இல் வந்த எலி ஆய்வுகள் காட்டின. பீபார் ஆல்ஃபா மரபணு நீக்கிய சுண்டெலிகள் சாப்பிடும் வரை நன்றாகவே இருந்தன. பட்டினி போட்டதும் ரத்தச் சர்க்கரை சரிந்தது, கீட்டோன் ஏறவில்லை, உடம்பு குளிர்ந்துபோனது. ஈரல் முழுக்கக் கொழுப்பு. எரிபொருள் வந்து குவிந்துகிடக்கிறது, ஆனால் அதை எரிக்கச் சொல்லும் செய்தியைப் படிக்க ஆளில்லை. மாணவர்கள் இந்த ஓர் ஆய்வை மனதில் வைத்துக்கொண்டாலே போதும், மற்றதெல்லாம் விளங்கும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு விரதத்தில் இறங்க வேண்டாம். சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

அப்படின்னா எனக்கு ஈரல் நிறைய கொழுப்பு இருக்கே அக்கா. பீபார் நல்லா வேலை செஞ்சு எரிச்சிருக்கணுமே? ஏன் எரிக்கலை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கேட்டவர் பள்ளிப் படிப்போடு நிறுத்திய ஒரு தேயிலை விவசாயி. ஆராய்ச்சிக்கூடங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பதும் இதையேதான்.

முதல் காரணம், சேர்ந்து கிடக்கும் கொழுப்பு ட்ரைகிளிசரைடாகத் துளிக்குள் அடைபட்டிருக்கிறது. ஏற்பிக்குத் தேவை தனி அமிலம். துளியை உடைக்கும் ஏடிஜிஎல் என்ற நொதியை எலி ஈரலில் குறைத்தால் பீபார் ஆல்ஃபாவின் வேலையும் குறைந்துவிடுகிறது. இருப்பு எவ்வளவு என்பதைவிட, எங்கிருந்து எப்படி வருகிறது என்பதுதான் முக்கியம். 2005-இல் வந்த ஆய்வில், ஈரலில் மட்டும் புதிதாகக் கொழுப்பு அமிலம் தயாரிக்கும் நொதியை நீக்கினார்கள். அந்த எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி கொடுத்தபோது கொழுப்பீரல் வந்தது! உணவில் கொழுப்பைச் சேர்த்ததும், அல்லது பீபார் ஆல்ஃபாவைத் தூண்டும் மருந்தைக் கொடுத்ததும் சரியானது. கொழுப்புத் திசுவில் இருந்து வந்து சேர்ந்த பழைய கொழுப்பால் அங்கே ஏற்பியைச் சரியாக எழுப்ப முடியவில்லை. பட்டினியின்போது கொழுப்புத் திசுவின் அமிலமும் பங்கு வகிக்கிறது என்று பின்னால் வந்த எலி ஆய்வுகள் காட்டின. எந்த நேரத்தில் எந்த வரத்து என்பதுதான் இன்றும் நடக்கும் விவாதம்.

இரண்டாவது காரணம் இன்சுலின். இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கட்டுப்படாத நிலையில் கொழுப்புத் திசு அமிலத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது. ஏறிய இன்சுலின், ஈரலில் புதிய கொழுப்பைச் செய்யச் சொல்லும் ஸ்ரெப்-1சி என்ற புரதத்தையும் தூண்டிக்கொண்டிருக்கிறது. எரி என்றும் சேமி என்றும் ஒரே நேரத்தில் இரண்டு உத்தரவு. கொழுப்பீரல் உள்ளவர்களின் ஈரல் கொழுப்பு எங்கிருந்து வந்தது என்று 2005-இல் அளந்து பார்த்தார்கள். ரத்தத்தில் திரியும் அமிலத்தில் இருந்து சுமார் 59 சதவீதம், ஈரலே செய்தது 26, நேரடியாக உணவுக் கொழுப்பில் இருந்து 15. "எண்ணெயை நிறுத்திட்டேன், ஆனா குறையலையே" என்பவர்களுக்கு இந்தக் கணக்கில் பதில் இருக்கிறது. டீயில் போடும் சர்க்கரை, பேக்கரி வர்க்கி, மூன்று வேளையும் வெள்ளைச் சோறு, இவையும் ஈரலில் கொழுப்பாகத்தான் மாறுகின்றன.

மூன்றாவது, நோய் முற்ற முற்ற ஈரலில் பீபார் ஆல்ஃபாவே குறைந்துவிடுகிறது. மனித ஈரல் திசுக்களைப் பார்த்ததில் அழற்சி அதிகமுள்ளவர்களிடம் அந்த ஏற்பி குறைவாக இருந்தது.

எல்லா எண்ணெயும் ஒரே மாதிரிதான் செய்தி சொல்லுமா? நாங்க ரேஷன் பாமாயில்தான் வாங்குறோம்.

ஒரே மாதிரி சொல்வதில்லை. பாமாயில், பாமோலின் வகைகளில் பால்மிடிக் அமிலம் ஏறக்குறைய 40 சதவீதம். கடலை எண்ணெயில் ஒலியிக்கும் லினோலியிக்கும்தான் பெரும்பங்கு. நல்லெண்ணெயில் அவை இரண்டும் கிட்டத்தட்ட சரிபாதி. தேங்காய் எண்ணெயில் பாதியளவு லாரிக், 12 கார்பன். பீபார் ஆல்ஃபாவின் குழியில் இவற்றில் பலவும் உட்காரும். பல இரட்டைப் பிணைப்பு உள்ள அமிலங்கள் இன்னொரு வேலையும் செய்கின்றன: ஸ்ரெப்-1சியை அடக்கி, புதிய கொழுப்புத் தயாரிப்பைக் குறைக்கின்றன. நிறைவுற்ற அமிலங்களுக்கு அந்தக் குணம் இல்லை.

சுவீடனில் 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. இளைஞர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஏழு வாரம் மஃபின் கொடுத்து எடை ஏற்றினார்கள். ஒரு குழுவின் மஃபினில் பாமாயில், மற்றதில் சூரியகாந்தி எண்ணெய். இரு குழுவுக்கும் எடை ஒரே அளவுதான் ஏறியது. ஈரல் கொழுப்பு பாமாயில் குழுவில்தான் தெளிவாகக் கூடியது.

இதை வைத்து ரேஷன் எண்ணெயைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். அந்த விலையில் வேறு எண்ணெய் கிடைக்காத வீடுகள் எஸ்டேட் லைன்களில் எத்தனையோ. ஊற்றும் அளவைக் குறைப்பதும், முடிந்த மாதம் கடலை எண்ணெய் மாற்றி வாங்குவதும் நடக்கக்கூடிய காரியம்.

இதெல்லாம் வெளிநாட்டு ஆராய்ச்சி. நம்ம மலைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. சிம்ஸ் பார்க் பக்கத்தில் இருக்கும் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டை நாய்க்கடி ஊசிக்காகத் தெரிந்துவைத்திருப்பீர்கள். 1918-இல் அங்கே ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் பல பகுதிகளில் மக்கள் சாப்பிடும் உணவை எலிகளுக்குக் கொடுத்து, எந்த உணவில் எந்த உறுப்பு எப்படி மாறுகிறது என்று பார்த்தார். அதுவே வளர்ந்து குன்னூரில் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமானது. 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. உணவு உறுப்புகளை மாற்றுகிறது என்பதை இங்கே பார்த்தார்கள். எந்த மூலக்கூறு வழியாக மாற்றுகிறது என்பதைத்தான் அடுத்த தலைமுறைகள் தேடின.

டாக்டர் ஃபீனோஃபைப்ரேட் எழுதிக் கொடுத்திருக்கார். இது ஈரல் கொழுப்பைக் கரைக்கத்தானே?

அது எழுதப்படுவது பெரும்பாலும் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக இருப்பவர்களுக்கு. மாத்திரை உடம்பில் ஃபீனோஃபைப்ரிக் அமிலமாக மாறி, மேலே சொன்ன அதே குழியில், அதே டைரோசினைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறது. ஒருவகையில் கொழுப்பு அமிலம் மாதிரி நடிக்கும் மருந்து. ரத்த ட்ரைகிளிசரைடை நன்றாக இறக்கும். ஆனால் ஈரலில் சேர்ந்த கொழுப்பை அது தெளிவாகக் குறைக்கவில்லை. ஏன் என்பதற்கு விவசாயி கேட்ட கேள்வியின் பதிலைத் திரும்பப் பாருங்கள். எரி என்ற உத்தரவை மட்டும் ஏற்றினால் போதாது, சேமி என்ற உத்தரவும் இறங்க வேண்டும்.

ஆல்ஃபாவையும் காமாவையும் சேர்த்துத் தூண்டும் சரோகிளிட்டசார் நம் நாட்டிலேயே ஜைடஸ் நிறுவனம் உருவாக்கியது. சர்க்கரை நோயோடு ரத்தக் கொழுப்பும் கெட்டிருப்பவர்களுக்காக இந்தியாவில் 2013-இல் அனுமதி பெற்றது. 2020-இல் அழற்சியோடு கூடிய கொழுப்பீரலுக்கும் அனுமதி வந்தது. 2024 மார்ச்சில் அமெரிக்கா அனுமதித்த ரெஸ்மெட்டிரோமும் ஓர் உட்கரு ஏற்பி மருந்துதான், ஆனால் அது பிடிப்பது தைராய்டு ஏற்பியின் பீட்டா வகையை. எதை யாருக்குக் கொடுப்பது என்பது மருத்துவர் வேலை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் அல்ல இவை.

அந்த மாத்திரையால எலிக்கு ஈரல்ல கேன்சர் வந்துச்சுன்னு படிச்சேனே?

வந்தது உண்மை. ஃபீனோஃபைப்ரேட் சேர்ந்த ஃபைப்ரேட் வகை போல பீபார் ஆல்ஃபாவைத் தூண்டும் மருந்துகளைத் தொடர்ந்து கொடுத்தால் எலிகளின் ஈரலில் பெராக்சிசோம்கள் பெருகி, பிறகு கட்டிகள் வருவதை ஜனார்த்தன ரெட்டி குழுவினர் 1980-இல் எழுதினார்கள். பீபார் ஆல்ஃபா இல்லாத சுண்டெலிகளில் அது நடக்கவில்லை. ஆக ஏற்பிதான் காரணம்.

மனித ஈரலில் அந்தப் பெருக்கம் அப்படி நடப்பதில்லை. எலியின் பீபார் ஆல்ஃபாவுக்குப் பதிலாக மனித பீபார் ஆல்ஃபாவை வைத்த சுண்டெலிகளிலும், கொழுப்பை எரிக்கும் மரபணுக்கள் தூண்டப்பட்டன, ஆனால் செல் பெருகவில்லை. ஃபைப்ரேட் மருந்துகளைப் பல ஆண்டுகள் எடுத்த மனிதர்களிடமும் எலியில் கண்ட ஈரல் கட்டிகள் தென்படவில்லை. எலியில் கண்டதை அப்படியே நமக்கு ஒட்டவைக்கக் கூடாது என்பதற்கு வகுப்பில் நான் சொல்லும் முதல் உதாரணம் இது.

குடியால வர்ற கொழுப்பீரலும் இதே கதையா?

பாதி இதே கதை. சாராயம் ஈரலில் அசிட்டால்டிஹைடாக மாறுகிறது. அது பீபார் ஆல்ஃபா டிஎன்ஏவைப் பிடிப்பதைத் தடுக்கிறது என்று செல் ஆய்வுகளிலும் எலி ஆய்வுகளிலும் காட்டியிருக்கிறார்கள். எரிக்கும் உத்தரவு நின்றுபோகிறது. அதற்கு மேல் சாராயம் தனியாகச் செய்யும் சேதமும் உண்டு. இங்கே எண்ணெயைக் குறைப்பதெல்லாம் பிறகு, முதலில் குடியை நிறுத்த வேண்டும்.

ஒரு கொழுப்பு அமிலம் ஒரு ஏற்பியில ஒட்டுதுன்னு காட்டிட்டா, அதுதான் அந்த ஏற்பியோட நிஜமான லிகண்ட்னு சொல்லிடலாமா மேடம்?

முதுகலை மாணவி கேட்டது. லிகண்ட் என்றால் ஏற்பியின் குழியில் வந்து அமரும் மூலக்கூறு. சொல்லிவிட முடியாது. இரண்டு சம்பவங்களைப் பாருங்கள்.

எல்எக்ஸ்ஆர் என்ற உட்கரு ஏற்பி கொலஸ்ட்ராலில் இருந்து வரும் மூலக்கூறுகளால் இயங்கி, ஸ்ரெப்-1சியை ஏற்றிவிடுகிறது. பல இரட்டைப் பிணைப்பு அமிலங்கள் அந்த ஏற்பியில் போட்டி போட்டு ஸ்ரெப்-1சியை இறக்குகின்றன என்று 2001-இல் வளர்ப்புச் செல்களில் காட்டினார்கள். விளக்கம் அழகாகப் பொருந்தியது. 2003-இல் எலிகளிடமே பார்த்தபோது, அதே அமிலங்கள் ஸ்ரெப்-1சியைக் குறைத்தன, ஆனால் எல்எக்ஸ்ஆர் கட்டுப்படுத்தும் மற்ற மரபணுக்கள் அசையவில்லை. ஆக உடம்புக்குள் வழி வேறு.

இன்னொன்று எச்என்எஃப்-4 ஆல்ஃபா. ஈரல் செல் ஈரல் செல்லாக இருப்பதற்கே இது வேண்டும். இதன் மரபணு பழுதானால் இளவயதிலேயே வரும் ஒருவகைச் சர்க்கரை நோய் உண்டாகிறது. 2009-இல், சாப்பிட்ட சுண்டெலியின் ஈரலில் இருந்து இந்த ஏற்பியைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது குழிக்குள் லினோலியிக் அமிலம் இருந்தது. பட்டினி கிடந்த எலியில் குழி காலி. அமிலம் வந்துபோகிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் மரபணுவைத் தூண்டும் வேகம் பெரிதாக மாறவில்லை.

அதனால் ஒட்டுகிறதா என்று மட்டும் கேட்டால் பாதிதான். உயிருள்ள ஈரலில் அந்த அமிலம் அந்தச் செறிவில் இருக்கிறதா, அது வந்தால் மரபணு மாறுகிறதா, ஏற்பியை நீக்கினால் அந்த மாற்றம் நின்றுபோகிறதா, இவற்றையும் கேட்க வேண்டும். பீபார் ஆல்ஃபாவுக்கே இந்தத் தேடல் முடியவில்லை. முன்னே சொன்ன 2005 எலி ஆய்வைச் செய்த அதே குழு, 2009-இல் ஈரலில் இருந்து அந்த ஏற்பியைப் பிரித்து, அதில் ஒட்டியிருந்ததை நிறை நிறமாலைமானியில் (மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) பார்த்தது. அங்கே இருந்தது தனி கொழுப்பு அமிலம் அல்ல, பால்மிடிக்கும் ஒலியிக்கும் சேர்ந்த ஒரு பாஸ்ஃபோலிப்பிட், அதாவது பாஸ்ஃபேட் சேர்ந்த கொழுப்பு. ஈரல் புதிதாகச் செய்யும் கொழுப்பு அந்த வடிவத்தில் ஏற்பிக்குப் போகிறது என்பது அவர்கள் முடிவு. தனி அமிலமும் பாஸ்ஃபோலிப்பிட்டும் வெவ்வேறு வேளைகளில் ஒரே குழியைப் பயன்படுத்தலாம் என்பது என் எண்ணம். அவ்வளவு பெரிய குழி அதற்கு இடம் கொடுக்கிறது.